பார்ட்டிக்கு முன்னாடி ஒரு பார்ட்டி

அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பார்ட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே ஹாஸ்டல் ரூம்ல குடிச்சுடுவாங்க. இதுக்கு அவங்க வெச்ச பேர் ‘ப்ரீகேம்’. ஏன் இப்படி?

காசு மிச்சமாகும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டம். 1971-ல் ஓட்டுப் போடும் வயது 18 ஆனது. அதையொட்டிப் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. இளைஞர்கள் சாலை விபத்தில் சாவது கூடியது. 1984-ல் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

விபத்துச் சாவுகள் குறைந்தன, அது உண்மை. ஆனா 18 வயசுக்காரங்க குடிக்கிறதை நிறுத்தல. பார்ல ஐடி கேட்பாங்க. ரூம்ல யார் கேட்பா? போற இடத்துல கிடைக்காதுன்னு ராத்திரி முழுசுக்குமானதை அவசர அவசரமா உள்ள தள்ளினாங்க.

2008-ல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள், இந்த வயது வரம்பை மறுபடி விவாதிக்கணும்னு கையெழுத்துப் போட்டாங்க. வரம்பு மாறல.

மாறினது வேற ஒண்ணு. நண்பன் மயங்கிக் கிடந்தாலும், மாட்டிப்போமோங்கிற பயத்துல ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தயங்கினாங்க. அதனால, உதவிக்குப் போன் பண்ற மாணவர் மேல வழக்கு இல்லைன்னு பல மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்தன. பூட்டின கதவைத் திறக்க அந்தச் சட்டம் தேவைப்பட்டுச்சு.