கொய்னா 1967: விளக்கெரித்த நீரும் நிலம் அசைத்த நீரும்

1967 டிசம்பர் 11, திங்கட்கிழமை. விடியற்காலை 4.21 மணிக்குப் பம்பாய் நகரம் உறக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பப்பட்டது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதித் தமிழர் பலருக்கும், ஊரிலிருந்து வந்து அவர்கள் வீடுகளில் தங்கியிருந்த உறவினர்க்கும், நிலம் நடுங்கும் என்பது கேள்விச் செய்தியாகவே இருந்திருக்கும். தமிழகம் பரவலாக உணர்ந்த வலுவான நிலநடுக்கம் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்தது. அதை நினைவில் வைத்திருக்கக்கூடியவர்கள் 1967இல் முதுமை எய்தியிருந்தனர்.

அன்றைய அதிர்வின் மையம் பம்பாய்க்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், கொய்னா அணைக்கு அருகில் இருந்தது. அதன் அளவு 6.3. கொய்னாநகரில் பெரும்பாலான வீடுகள் இடிந்தன. குறைந்தது 177 பேர் மாண்டனர். ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 103 மீட்டர் உயர அணையின் மேற்பகுதியில் விரிசல்கள் கண்டன. கொய்னாவின் மின்சாரம் தடைப்பட்டதால் பம்பாயின் தொழிற்சாலைகளும் முடங்கின.

இங்கேதான் வரலாற்றின் முரண் புலப்படுகிறது. அணைக்குப் பின்னுள்ள சிவாஜிசாகர் ஏரியின் கொள்ளளவு சுமார் 280 கோடி கன மீட்டர். 1960களின் தொடக்கத்தில் அதில் நீர் தேங்கத் தொடங்கியபின் அப்பகுதியில் சிற்றதிர்வுகள் பெருகின. 1967 செப்டம்பரிலேயே 5 அளவைத் தாண்டிய அதிர்வு ஒன்று பதிவாயிற்று. டிசம்பரில் பேரதிர்வு வந்தது. நீர்த்தேக்கத்தால் தூண்டப்பட்ட நிலநடுக்கங்களில் உலகிலேயே மிகப் பெரியதாக இன்றளவும் அறியப்படுவது இதுவே. பம்பாயின் ஆலைகளுக்கு மின்விசை தந்த அதே நீர்தான் பம்பாயின் நிலத்தையும் அசைத்தது.

'தூண்டுதல்' என்னும் சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். ஏரி நிலநடுக்கத்தை உண்டாக்கவில்லை. பாறைப் பிளவுகளில் நெடுங்காலமாகத் தகைவு திரண்டிருந்தது. ஏரியின் பாரம் அதன்மேல் அழுந்தியது. கசிந்து இறங்கிய நீர் பிளவுகளுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, பாறைகளை இறுகப் பிடித்திருந்த உராய்வைக் குறைத்தது. எரியக் காத்திருக்கும் திரியைத் தூண்டுவதுபோல, நிகழவிருந்ததை நீர் விரைவுபடுத்தியது. உண்டாக்குதல் வேறு, தூண்டுதல் வேறு. ஆயினும் தூண்டியவர்க்குப் பொறுப்பே இல்லை என்று இவ்வேறுபாட்டுக்குப் பொருளன்று.

அந்நாளைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் தீபகற்பத்தின் பெரும்பரப்பு சுழிய மண்டலமாக, அதாவது அச்சமற்ற நிலமாக, குறிக்கப்பட்டிருந்தது. 1970இல் வெளிவந்த திருத்தத்தில் சுழிய மண்டலமே நீக்கப்பட்டது. தெற்கு அசையாது என்ற நம்பிக்கை அறிவியல் ஏட்டிலிருந்து அன்றே அகன்றுவிட்டது. 1993இல் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி இடிந்தபோது, மக்கள் மனத்தில் மட்டும் அது புதிதாகத்தான் நொறுங்கியது.