லியாங்சூவின் முகம்

இந்த வாரம் ஆன்யாங் போக நினைத்திருந்தேன். சீன எழுத்தின் பிறந்த வீடு என்று சொல்லப்படும் ஊர். 1899-இல் வாங் யிரோங் என்ற அறிஞர் மருந்துக்கடை எலும்பில் பழைய எழுத்தைக் கண்டார் என்று சொல்லப்படுவதுதான் அந்தக் கதையின் தொடக்கம். ஆனால் அங்கே போகும் வழியில் ஓர் இளைஞரைப் பார்த்துவிட வேண்டும். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

பெயர் ஷி ஷின்கெங். ஹாங்சோ நகரின் மேற்கு ஏரி அருங்காட்சியகத்தில் ஊழியர். தொல்லியல் படித்தவர் அல்லர். 1936-இல் ஹாங்சோ அருகே ஓர் அகழாய்வில் வெளிவந்த கல் கருவிகளைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. இதே மாதிரிக் கற்கள் அவருடைய சொந்த ஊரான லியாங்சூவிலும் கிடந்தன. ஊருக்குப் போனார். வற்றிய குளத்தின் அடியில் கறுப்புப் பானை ஓடுகள் தென்பட்டன. அந்த டிசம்பரிலிருந்து மறு மார்ச்சுக்குள் மூன்று முறை தோண்டினார். அறிக்கை அச்சில் இருந்தபோது ஜப்பானியப் படை வந்துவிட்டது. கைப்பிரதியைக் காப்பாற்றிக்கொண்டு தெற்கே போனார். 1938-இல் ஷாங்காயில் அது புத்தகமானது. மறு ஆண்டே நோய் அவரைக் கொண்டுபோனது. முப்பது வயதுகூட ஆகவில்லை.

என் கணக்கில் இந்த வரலாற்றின் நாயகர் அவர்தான். அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் சியன்லுங் பேரரசரின் கையில் லியாங்சூவில் வாழ்ந்த பழங்கால மக்களின் ஜேட் கற்கள் குவிந்திருந்தன. வெளியே சதுரமாகவும் உள்ளே வட்டத் துளையாகவும் உள்ள 'சோங்' என்ற அந்தப் பொருளை அவர் தடியின் முனையில் பொருத்தும் பூண் என்று நினைத்தார். அதோடு விட்டாரா? தன் கவிதையை அதன் மேல் செதுக்கச் சொன்னார். சிலவற்றில் சோங்கின் மேல் ஏற்கெனவே செதுக்கியிருந்த முகம் தலைகீழாக இருக்க, கவிதை நேராக நிற்கிறது. எத்தனை பெரிய கலை ரசிகர் என்று புகழ்ந்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த முகத்தின் முழு வடிவம் 1986-இல்தான் தெரிந்தது. லியாங்சூவை ஒட்டிய ஃபான்ஷான் மேட்டில் 12-ஆம் கல்லறை. உள்ளே ஆறரைக் கிலோ எடையுள்ள ஒரு சோங். உயரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் பக்கங்களில் 3 சென்டிமீட்டர் உயரம், 4 சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஓர் உருவம்: விரிந்த இறகுக் கிரீடம், பல் தெரியும் மனித முகம், அதன் கீழே பெரிய வட்டக் கண்களுடன் ஒரு விலங்கு. மனிதனின் இரு கைகளும் மடங்கி அந்த விலங்கின் கண்களைப் பற்றியிருக்கின்றன. தோண்டியவர்களுக்கே அந்தக் கைகள் முதலில் தெரியவில்லை. பிறகு புகைப்படத்தில்தான் புலப்பட்டன. ஒரு மில்லிமீட்டருக்குள் நாலைந்து கோடுகள் என்றால் வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இத்தனையும் உலோகமே இல்லாத காலத்தில். ஜேட்டைக் கத்தியால் வெட்ட முடியாது. மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் அறுக்க வேண்டும். நுண்கோடுகளைக் கீறியது கூரான கடினக் கல் முனையாக இருக்கலாம்.

இந்த முகம் எழுத்தா? இல்லை. ஆனால் லியாங்சூவின் சில ஜேட் வட்டுகளில் வேறொன்று இருக்கிறது: படிப்படியான மேடை, அதன் மேல் ஒரு பறவை. அலங்காரமாக அல்ல, ஓர் ஓரத்தில் மெல்லியதாகக் கீறிய குறி. அத்தகைய ஒரு வட்டு இன்று வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் உள்ளது. வடக்கே ஷான்டோங்கின் தாவெங்கோ மக்கள் தங்கள் பெரிய மண்சாடிகளில் கீறிய சூரியக் குறிக்கு ஒப்பானதும் லியாங்சூ ஜேட்டில் கிடைத்திருக்கிறது. ஊர் விட்டு ஊர் சென்றும் வடிவம் மாறாத குறி என்றால் அதற்குப் பொதுவான பொருள் இருந்திருக்க வேண்டும். 2013-இல் லியாங்சூ பண்பாட்டுத் தளமான ஜுவாங்சியாவ்ஃபென்னின் கற்கோடரிக் கீறல்களைக் காட்டி, சீன எழுத்துக்கு வயது 5000 என்று சிலர் அறிவித்தார்கள். நான் ஏற்கவில்லை. எந்த மொழியின் எந்தச் சொல் என்று காட்ட முடியாதவரை அது குறிதான். லியாங்சூ கி.மு. 2300 அளவில் அழிந்தது. ஆன்யாங்கின் எலும்புகள் கி.மு. 1250 அளவில் தொடங்குகின்றன. நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி.

ஆனாலும் ஒரு தொடர்ச்சி என்னை விடாமல் பிடித்திருக்கிறது. 1987-இல் அன்ஹுய் மாகாணத்து லிங்ஜியாடானில் ஜேட்டில் செய்த ஓர் ஆமை கிடைத்தது. மேலோடும் அடியோடும் தனித்தனித் துண்டுகள். இரண்டுக்கும் நடுவே எண்முனை நட்சத்திரம் கீறிய ஜேட் பலகை. வயது சுமார் 5300 ஆண்டுகள். ஈராயிரம் ஆண்டு கழித்து ஆன்யாங்கில் ஆண்ட ஷாங் மன்னர்கள் குறிகேட்டு எழுதியவற்றில் பலவும் ஆமையின் அடியோட்டில்தான். எழுத்து பிறக்கும் முன்பே ஆமையும் கீறலும் தெய்வத்தோடு பேசும் வழியாகச் சேர்ந்துவிட்டன என்றே நான் நம்புகிறேன்.

ஷி ஷின்கெங் தோண்டிய பண்பாட்டுக்கு 'லியாங்சூ' என்ற பெயரை 1959-இல் தொல்லியலாளர் ஷியா நாய் வைத்தார். 2019-இல் யுனெஸ்கோ லியாங்சூ நகரின் இடிபாடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆன்யாங் அடுத்த வாரம். அந்நியப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைய, வாங் யிரோங் கிணற்றில் குதித்த 1900-லிருந்து தொடங்குவோம்.