வண்டுக்குள் இருந்த எஞ்சின்

குறிகட்டுவான் இறங்குதுறையில நெடுந்தீவுப் படகு வெளிக்கிடும்போது கவனித்துப் பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கதைத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் ஒரு கணம் நிற்பினம். சத்தம் சீராக வந்தால் கதை தொடரும். நடுக்கடலில எஞ்சின் நிண்டால் என்ன செய்யிறது என்ற கேள்வி தீவுப்பகுதிச் சனத்துக்குப் புதிது இல்லை.

சிறிய விமானங்களைத் தாங்களே கட்டிப் பறந்தவர்களுக்கும் முதல் கேள்வி இதுதான். 1909 ஜூலை 19 அன்று ஹியூபர்ட் லேத்தம் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடலைக் கடக்கப் புறப்பட்டார். வழியில் எஞ்சின் நின்று விமானம் கடலில் இறங்கியது. ஆறு நாள் கழித்து லூயி பிளேரியோ 25 குதிரைவலு அன்சானி எஞ்சினோடு அதே கடலைக் கடந்தார். அடுத்த வருடமே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பனியைக் கொண்டு தன் சொந்த வடிவமைப்பில் ஒரு விமானம் செய்வித்து, பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். தமிழ் மண்ணில் தானே கட்டிப் பறக்கும் ஆசை அவ்வளவு பழசு.

அந்த நாளில் நல்ல தெரிவாக வந்தது பிரான்சின் 'நோம்' ரோட்டரி எஞ்சின். 7 சிலிண்டர், 50 குதிரைவலு, நிறை ஏறத்தாழ 75 கிலோ. சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். சுற்றும்போது காற்றுப் பட்டு அவை குளிரும். தண்ணீரும் ரேடியேட்டரும் தேவையில்லை. ஆனால் உள்ளே போகும் ஆமணக்கெண்ணெய் புகையாக விமானியின் முகத்தில் அடிக்கும். ஆமணக்கெண்ணெய் வயிற்றை என்ன செய்யும் எண்டு எங்கட அம்மம்மாமாருக்கு நல்லாத் தெரியும்.

இப்ப ரோட்டரி என்று சொல்வது வேறொன்றை. ஜெர்மனியில் பெலிக்ஸ் வாங்கெலின் யோசனையில் பிறந்து, என்.எஸ்.யூ. கம்பனியில் 1957 இல் முதலில் ஓடியது. இதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோணம் போன்ற ஒரு ரோட்டர் கூட்டுக்குள் சுழலும். பாகங்கள் குறைவு, நடுக்கம் குறைவு, நிறைக்கு மிஞ்சிய வலு. வீட்டில் விமானம் கட்டுகிறவருக்கு இதைவிட என்ன வேணும்?

வேண்டியது இருந்தது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் தேயும். அவை கூட்டில் விட்ட கோடுகளை மஸ்டா பொறியியலாளர்கள் 'பிசாசின் நகக்கீறல்' என்றே அழைத்தார்கள். எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், புகைபோக்கி கடும் சூடாகும். வேகமாகச் சுற்றுவதால் புரொப்பெல்லருக்கு முன் ஒரு கியர்பெட்டி வேண்டும். அமெரிக்காவில் சிலர் மஸ்டா கார் எஞ்சினைக் கழற்றித் தங்கள் விமானத்தில் பூட்டினார்கள். சீல் போனாலும் வலு குறையுமே தவிர சட்டென்று நிற்காது என்பது அவர்களின் வாதம். ஆனாலும் பெரும்பாலானோர் பழகிய பிஸ்டன் எஞ்சினிலேயே நின்றுவிட்டார்கள்.

சின்ன வாங்கெல் எஞ்சின் நிலைத்தது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, ஜெர்மனியின் ஏ.எஸ்.எச். 26 ஈ போன்ற கிளைடர்கள். மேலே ஏறியபின் எஞ்சின் நின்றாலும் நீண்ட இறக்கைகள் தாங்கும். மற்றது ஆளில்லா விமானம். அது விழுந்தாலும் உள்ளே சாக ஒருவரும் இல்லை.

இந்தியா தானே உருவாக்கிய 55 குதிரைவலு வாங்கெல் எஞ்சின், 'நிஷாந்த்' ஆளில்லா விமானத்தில் முதலில் பறந்தது 2009 ஏப்ரல் 5 அன்று, கோலாருக்கு அருகில். நிறை சுமார் 30 கிலோ. அந்தத் திகதியை வாசித்தபோது எனக்குக் கோலார் நினைவுக்கு வரவில்லை. அந்த ஏப்ரலில் சனம் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒடுங்கிக்கொண்டிருந்தது. இலங்கை விமானப்படை பயன்படுத்திய இஸ்ரேலின் சேர்ச்சர் 2 வேவு விமானத்தில் இருப்பதும் வாங்கெல் வகை எஞ்சின்தான். வன்னிச் சனம் வேவு விமானத்துக்கு வைத்த பெயர் 'வண்டு'. ஒரு ரோட்டர் எஞ்சின் அதன் தண்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றென்றால் நொடிக்கு நூறு வெடிப்பு. தூரத்திலிருந்து கேட்கும் காதுக்கு அது ரீங்காரம்தான். பெயர் வைத்த சனத்துக்கு எஞ்சினின் பெயர் தெரியாது. ஆனால் சத்தம் நெருங்கினால் பங்கருக்குள் இறங்கவேண்டும் எண்டு தெரியும்.

இந்த எஞ்சினின் நூறு வருடக் கதையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: நின்றால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்? நல்ல கேள்விதான், படகில் ஏறும் நாங்களும் அதையே கேட்கிறோம். உள்ளே ஆள் இல்லாத விமானம் வந்ததும் அந்தப் பயமும் போய்விட்டது. பயம் முழுவதும் கீழே நின்றவர்களுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் எஞ்சின் நின்றுவிடுமோ என்று பயப்படவில்லை. எப்ப நிற்கும் எண்டு காத்திருந்தார்கள்.