ஐந்து சிரிஞ்சும் ஒரு மழைக்காட்டு ஊரும்

1/
எபோலான்னு சொன்னதும் நமக்கு என்ன நினைவுக்கு வருது? வௌவால், குரங்குக் கறி, இருண்ட காடு. காட்டு ஜனங்க எதையோ தின்னாங்க, நோய் வந்துச்சு என்று ஒரு கதை எல்லார் மனசிலும் இருக்கு. 1976ல் அந்த முதல் ஊரில் நடந்தது வேற. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
ஊர் பேர் யம்புக்கு. அன்றைய ஜயர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடபகுதி. காங்கோ ஆற்றங்கரையில் உள்ள பும்பா என்ற ஊரிலிருந்து சுமார் 100 கிமீ உள்ளே போகணும். சுற்றிலும் மழைக்காடு, நடுவில் ஒரு மண்சாலை. தலைநகர் கின்ஷாசாவுக்கு ஆற்று வழியே போனால் ஆயிரம் கிமீக்கும் மேல்.

3/
மண்சுவர், ஓலைக்கூரை வீடுகள். மரவள்ளி, வாழை, கொஞ்சம் நெல், பாமாயில். விற்றுக் காசு பார்க்க காபி. கறிக்கு ஆற்று மீனும் வேட்டையும். வருஷம் முழுக்க மலேரியா. அங்கே காய்ச்சல் வருவது நம்ம ஊரில் சளி பிடிப்பது மாதிரி.

4/
ஆனாலும் இந்த ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பெல்ஜிய கத்தோலிக்க மிஷன் 1935ல் தொடங்கியது. 120 படுக்கை, 17 பணியாளர்கள். அதில் நர்ஸ் வேலை பார்த்த கன்னியாஸ்திரிகளும் உண்டு. டாக்டர்? ஒருத்தர்கூட இல்லை.

5/
இது தற்செயல் இல்லை. காங்கோவை ஆண்ட பெல்ஜியம் உள்ளூர் மக்களை மருத்துவ உதவியாளர் வரைக்கும்தான் படிக்க வைத்தது. 1960ல் நாடு விடுதலை ஆனபோது காங்கோ மக்களில் பட்டம் பெற்ற ஒரு டாக்டர்கூட கிடையாது. 16 வருஷம் கழித்தும் காட்டுக்குள் டாக்டர் வந்து சேரவில்லை.

6/
சுற்றுவட்டாரத்தில் சுமார் 60,000 பேருக்கு இதுதான் ஆஸ்பத்திரி. இங்கே மருந்து கிடைக்கும் என்று தூரத்திலிருந்தும் வருவார்கள். மாதம் 6,000 முதல் 12,000 பேர் வரை பார்த்திருக்கிறார்கள். அங்கே வைத்தியம் என்றால் பெரும்பாலும் ஊசிதான். காய்ச்சலா, ஊசி. கர்ப்பிணியா, சத்துக்கு ஒரு ஊசி.

7/
இப்போ விஷயத்துக்கு வரேன். தினமும் காலையில் நர்ஸ்களிடம் கொடுக்கப்பட்டவை ஐந்து சிரிஞ்சு, ஐந்து ஊசி. ஓபி, கர்ப்பிணிகள் பிரிவு, வார்டு எல்லாத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஒருவருக்குப் போட்டதும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, அடுத்தவருக்குப் போடுவார்கள். நாள் முடிவில் சில நேரம் கொதிக்க வைப்பார்கள்.

8/
கணக்குப் போட்டுப் பாருங்க. மாதம் 6,000 என்றால் நாளைக்கு 200 பேர். அதில் பாதிப் பேருக்குத்தான் ஊசி என்று வைத்தாலும், ஒரே சிரிஞ்சு ஒரே நாளில் 20 பேர் உடம்புக்குள் போய் வருகிறது.

9/
இதில் எனக்கு ரொம்ப உறுத்துவது ஒன்று உண்டு. அதே ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்குத் தனி சிரிஞ்சுகள் இருந்தன. அவற்றை ஆட்டோகிளேவில் முறையாகக் கிருமிநீக்கம் செய்தார்கள். ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. வரிசையில் நிற்கும் ஓபி ஏழைக்கு அது போய்ச் சேரவில்லை.

10/
1976 ஆகஸ்ட் கடைசி. மிஷன் பள்ளியில் வேலை பார்த்த 44 வயது ஆசிரியர் ஒருவர் வட பகுதியில் பயணம் போய்த் திரும்பினார். காய்ச்சல். மலேரியாவாக இருக்கும் என்று குளோரோகுயின் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது. செப்டம்பர் 1ல் திரும்ப வந்தது. பிறகு ரத்தப்போக்கு. செப்டம்பர் 8ல் இறந்துபோனார்.

11/
ஒரு வாரத்துக்குள் அதே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட பலர் படுத்தார்கள். 15 முதல் 29 வயதுப் பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். காரணம், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு ஒழுங்காக வந்தவர்கள் அவர்கள். நாம் "செக்கப்புக்குத் தவறாம வாங்கம்மா" என்று சொல்வோமே, அதைக் கேட்டு வந்தவர்கள்.

12/
பிறகு வீடு. நோயாளியைப் பார்த்துக்கொண்ட அம்மா, மனைவி. இறந்தவர் உடலைக் குளிப்பாட்டிய உறவுக்காரர்கள். கடைசியில் ஆஸ்பத்திரி ஊழியர்களும். 17 பேரில் 13 பேருக்கு நோய் வந்தது, 11 பேர் இறந்தார்கள். செப்டம்பர் இறுதியில் ஆஸ்பத்திரியை மூடினார்கள். வேலை செய்ய ஆள் இல்லை.

13/
இது புது மாதிரி நோய் என்று முதலில் எழுதி வைத்தவர் பும்பாவின் மருத்துவ அதிகாரி டாக்டர் ங்கோய் முஷோலா. செப்டம்பர் மத்தியில் யம்புக்கு போய், நோயாளிகளை நேரில் பார்த்து, அறிகுறிகளைக் குறித்து மேலிடத்துக்கு அனுப்பினார். எபோலா பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு அதுதான்.

14/
அடுத்து கின்ஷாசாவிலிருந்து வந்தார் ழான் ழாக் முயெம்பே. வெறுங்கையால் ரத்தம் எடுத்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை, கையெல்லாம் ரத்தம். சோப்பு போட்டுக் கழுவினார். அவர் பிழைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

15/
நோயுற்ற கன்னியாஸ்திரி ஒருவரின் ரத்தம் சாதாரண தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில், பயணிகள் விமானத்தில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் போனது. திறந்தபோது ஒரு குழாய் உடைந்து கிடந்ததாம். அதைக் கையாண்ட இளைஞர்களில் ஒருவர் 27 வயது பீட்டர் பியோட். "எபோலாவைக் கண்டுபிடித்தவர்" என்று உலகம் அதிகம் கேட்ட பெயர் அவருடையது. ங்கோய் முஷோலா பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

16/
அக்டோபரில் சர்வதேசக் குழு போய் இறங்கியபோது பல கிராமங்கள் தாங்களாகவே பாதையை மறித்திருந்தன. வெளியாள் உள்ளே வரக்கூடாது, நோயாளி தனிக் குடிசையில். யார் சொல்லிக் கொடுத்தது? பெரியம்மை. அந்நாட்டில் பெரியம்மை ஒழிந்து அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஊர்ப் பெரியவர்களுக்கு அது மறக்கவில்லை.

17/
குழுவினர் சுமார் 550 கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். 55 கிராமங்களில் நோய் இருந்தது. மொத்தம் 318 பேருக்கு வந்து, 280 பேர் இறந்தார்கள். தொற்றிய வழி தெரிந்த 288 பேரில் 85 பேருக்கு ஆஸ்பத்திரி ஊசியால் வந்தது. ஊசியால் மட்டும் தொற்றியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

18/
இன்னொரு எண்ணும் முக்கியம். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களில் நோய் வந்தது நூற்றுக்கு சுமார் 5 பேருக்குத்தான். நெருங்கிப் பராமரித்த உறவினர்களிடம் கூடுதல். அதாவது, கிராமத்துக்குள் மட்டும் விட்டிருந்தால் இந்த நோய் தடுமாறித்தான் பரவியிருக்கும். அதை வேகப்படுத்தியது ஊசி. ஆஸ்பத்திரி மூடியதும், கிராமங்கள் பாதையை அடைத்ததும்தான் அதை நிறுத்தின. நவம்பர் 5ல் கடைசி மரணம்.

19/
பெயர் வைக்கும்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். யம்புக்கு வைரஸ் என்று வைத்தால் அந்த ஊருக்குக் காலத்துக்கும் களங்கம் என்று, அந்தப் பகுதியில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரை வைத்தார்கள். ஊர் தப்பித்தது. ஆனால் "காட்டு ஜனங்க" என்ற பழி மட்டும் ஒட்டிக்கொண்டது.

20/
கன்னியாஸ்திரிகளை வில்லி ஆக்க நான் இதை எழுதவில்லை. யாரும் போகாத இடத்தில் இருந்து வேலை செய்து, அதே நோயில் செத்தார்கள். ஆனால் நல்ல மனசு சிரிஞ்சைச் சுத்தம் செய்யாது. அதற்கு அடுப்பு வேணும், நேரம் வேணும், ஆறாவது சிரிஞ்சு வேணும்.

21/
முயெம்பே அதோடு விடவில்லை. 1995ல் கிக்விட் நகரில் எபோலா வந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் முக்கியப் பங்காற்றினார். அதிலிருந்து உருவான மருந்துக்கு 2020 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 1976ல் வெறுங்கையால் ரத்தம் எடுத்த அதே மனுஷர்.

22/
ஒருமுறை போட்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சைத்தான் தடுப்பூசிக்குப் பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து சொன்னது 1999ல். யம்புக்குவுக்கு 23 வருஷம் கழித்து.

23/
என் ஓபியிலும் "மாத்திரை வேணாம் டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று தினமும் கேட்பார்கள். தேவையில்லாத ஊசி வேண்டாம். தேவைப்பட்டால், புது பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்க. கேட்பதில் கூச்சம் வேண்டாம், எங்களுக்குக் கோபம் வராது. யம்புக்குவில் வரிசையில் நின்ற கர்ப்பிணிக்கு அப்படிக் கேட்க வழியே இல்லை.