லைன் வீட்டிலிருந்து ஜாயின்ட் போட்டோ வரை

பாலக்காட்டில் ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டைக்கும் கல்பாத்தித் தேர்வீதிக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கோட்டை பலமுறை கைமாறி 1790இல் கம்பெனி வசம் நிலைத்தது. பிறகு பல பத்தாண்டுகள் சிப்பாய்கள் தங்கும் இடமாக இருந்தது. கல்பாத்தி அக்ரஹாரம் சிப்பாய்களை அனுப்பிய ஊர் அல்ல. கணக்கு, குமாஸ்தா வேலை, சமையல், சங்கீதம் என்று பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் பிள்ளைகளை அனுப்பிய ஊர். ஆனாலும் பட்டாளத்துக் குடும்பங்களுக்கும் அக்ரஹாரத்துக்கும் பொதுவாக ஒருத்தி உண்டு: வருஷத்தில் பத்து மாதம் புருஷன் இல்லாமல் வீட்டை நடத்துகிறவள். போரில் மனம் அடிபட்டுத் திரும்பும் வீரருக்குத் தனியே வைத்தியம் பார்த்தால் போதாது, மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து இருவருக்கும் சேர்த்தே சிகிச்சை தரவேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று ஒரு முறையான சிகிச்சையாக வளர்ந்திருக்கிறது. நம் ஊருக்கு ஒத்துவராத சரக்கு என்று அதை ஒதுக்கிவிடுவது சுலபம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. பட்டாளத்து மனைவி ஒருகாலத்தில் பட்டாளத்துக்குள்ளேயே இருந்தவள். பிறகு வெளியே அனுப்பப்பட்டவள். நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமும் இந்த நாட்டில் எழுபது ஆண்டுகளாக இருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்க யாரும் முனையவில்லை என்பதுதான் குறை.

சென்னை ராஜதானிப் படையிலிருந்து தொடங்கலாம். வங்காளப் படையின் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளைகளைக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியாளாக வேலைக்கு வருவான். சென்னைச் சிப்பாய் அப்படியல்ல. பட்டாளத்து லைன்களில் தானே குடிசை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தான். பட்டாளம் ஊர் மாறினால் குடும்பமும் மூட்டை முடிச்சோடு பின்னால் போகும். கடல் கடந்து போருக்குப் போனால் சம்பளத்தில் ஒரு பங்கை ஊரிலுள்ள குடும்பத்தின் கையில் சேர்க்க ஏற்பாடு இருந்தது. சிப்பாயின் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பட்டாளத்துப் பேரேட்டில் ஏற்றிப் பாதிச் சம்பளம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இதையெல்லாம் கருணை என்று எண்ண வேண்டியதில்லை. குடும்பம் லைனில் இருந்தால் சிப்பாய் ஓடிப்போக மாட்டான் என்ற கணக்கும் அதில் உண்டு. அந்தப் பெண்களின் குரலை யாரும் பதிவு செய்யவும் இல்லை. ஆனால் ஒரு விளைவு இருந்தது. சண்டையிலிருந்து திரும்பியவன் இரவில் எப்படித் தூங்குகிறான், எதற்குக் கோபப்படுகிறான் என்பது லைன் முழுவதற்கும் தெரியும். அவனுடைய வீட்டுக்கும் பட்டாளத்துக்கும் நடுவே சுவர் இல்லை.

அந்தச் சுவர் எழும்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுக்காரன் போருக்கு லாயக்கில்லாதவன் என்ற கொள்கையை உறுதியாக நம்பினார். வடக்கிலிருந்து, மலைப்பகுதிகளிலிருந்து ஆளெடுப்பது பெருகியது. 1895இல் மூன்று ராஜதானிப் படைகளும் கலைந்து ஒன்றாயின. 1920களில் சென்னைக் காலாட்படையே கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்துதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பியது. அந்தப் போரில் இந்தியப் படை இருபத்தைந்து லட்சம் பேராகப் பெருத்தது. இப்படி உருவான புதிய படையில் கிராமத்தில் குடும்பம், பாரக்ஸில் வீரன் என்பதே பொது விதி. சுதந்திரத்துக்குப் பிறகும் ஃபீல்டு, பீஸ் என்ற இரட்டை வாழ்க்கையாக அது தொடர்ந்தது. ஃபீல்டில் குடும்பத்துக்கு இடமில்லை. பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் முறை வந்தால் சில வருஷம் சேர்ந்து இருக்கலாம். மீதி நாட்களுக்கு வருடாந்திர லீவுதான்.

இன்றைய ராணுவக் கோப்புகளில் மனைவி எங்கெல்லாம் வருகிறாள் என்று தேடினால் இந்தப் பிரிவினை கண்ணுக்குத் தெரியும். கல்யாணமானதும் யூனிட்டின் பார்ட் டூ ஆர்டரில் அவள் பெயர் ஏறும். ஓய்வு பெறும்போது பென்ஷன் காகிதங்களோடு இருவரும் சேர்ந்து எடுத்த ஜாயின்ட் போட்டோ கேட்பார்கள். நாளை குடும்ப பென்ஷன் வாங்க வருகிறவள் இவள்தானா என்று சரிபார்ப்பதற்கு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், கணவன் மனத்தால் அடிபட்டால், கோப்பு அவளிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. வீரரின் உடல்தகுதியை அளக்க ஷேப் (SHAPE) என்ற ஐந்தெழுத்து வரிசை உண்டு. அதன் முதல் எழுத்து மனநிலையைக் குறிப்பது. மனநோய் காரணமாக ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பினால், அவர் நடத்தையைப் பற்றி ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 என்ற படிவத்தில் கமாண்டிங் ஆபீசர் எழுதித்தர வேண்டும். வீரரோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்தவளின் சாட்சிக்கு அதற்கு இணையான தனிப் படிவம் இல்லை. ஓய்வுக்குப் பின் 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் முன்னாள் வீரருக்கும் மனைவிக்கும் மருத்துவம் தருகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அங்கும் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு சீட்டு. இருவருக்கும் சேர்த்து ஒரு சீட்டு என்பது அமைப்பின் கற்பனையிலேயே இல்லை.

நீதிமன்றத்துக்குப் போன சண்டைகளிலும் இதே வடிவம்தான். மனநோயால் வெளியேற்றப்பட்ட வீரருக்கு, நோய் பிறவிக்கூறால் வந்தது, பணியால் வந்ததல்ல என்று சொல்லி ஊனமுற்றோர் பென்ஷனை மறுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இதை அசைத்தது. தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது குறித்துவைக்காத நோய் பணிக்காலத்தில் வந்தால் அது பணியால் வந்ததாகவே முதலில் கருதவேண்டும் என்றது. வீர்பால் சிங் வழக்கில், மனச்சிதைவு என்று முடிவுகட்டிய மருத்துவக் குழுவின் கருத்தைக் கண்ணை மூடி ஏற்க மறுத்து மறு பரிசோதனைக்கு உத்தரவிட்டது. பல குடும்பங்களின் அடுப்பெரியக் காரணமான தீர்ப்புகள் இவை. ஆனாலும் கேள்வி பென்ஷனோடு நின்றது. பணம் வீட்டுக்கு வந்தது; வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வழக்காகவில்லை.

இனி மருத்துவத்தின் வரலாறு. பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த வித்யா சாகர், நெரிசலில் தத்தளித்த மருத்துவமனையின் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் சொந்தக்காரர்களைக் கூடவே தங்க வைத்தார். அவை ராணுவத்திடம் இரவல் வாங்கிய பழைய கூடாரங்கள் என்று சொல்வார்கள். நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள். பார்த்துக்கொள்வது எப்படி என்று குடும்பமும் கற்றுக்கொண்டு போனது. வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையம் இதையே விதியாக்கியது: சேரும் நோயாளியோடு வீட்டார் ஒருவராவது தங்கவேண்டும். அங்கு நடந்த வேலையைப் பற்றி 1963இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 1970களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் குடும்ப மனநலத்துக்கென்று தனி மையமே அமைத்தது. குடும்பத்தை நோய்க்குக் காரணமாகப் பார்ப்பது மேல்நாட்டில் செல்வாக்கோடு இருந்த காலத்தில், இங்கே குடும்பம் வைத்தியத்தில் பங்காளியாகிவிட்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வெலிங்டனிலிருந்தும் மெட்ராஸ் சாப்பர்ஸின் பெங்களூரிலிருந்தும் இந்த மையங்கள் எட்டாத தூரத்தில் இல்லை. இருந்தும் ராணுவ மருத்துவம் இந்தப் பாடத்தைத் தன் விதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேல்நாடு இந்த இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. குண்டு அதிர்ச்சி என்ற நோயைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் 1915இல் லான்செட்டில் எழுதியபோது, அது தனி ஆளின் நரம்பைப் பற்றிய பேச்சு. வியட்நாம் போர் முடிந்து, 1980இல் அமெரிக்க மனநலச் சங்கம் பி.டி.எஸ்.டி. என்ற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பை நோயாக அங்கீகரித்தது. அந்தப் போரின் வீரர்களைப் பற்றி 1980களின் கடைசியில் நடந்த தேசிய ஆய்வு, ஆண் வீரர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்நோய் இருந்ததாகக் கணக்கிட்டது. அவர்களின் மனைவியரையும் விசாரித்ததுதான் அந்த ஆய்வின் சிறப்பு. நோயுள்ளவர்களின் வீடுகளில் சச்சரவும் அடிதடியும் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. அந்த அறிவின் தொடர்ச்சியாக கேண்டிஸ் மான்சனும் ஸ்டெஃபனி ஃப்ரெட்மனும் பதினைந்து அமர்வுகள் கொண்ட தம்பதிச் சிகிச்சையை வடிவமைத்தார்கள். நாற்பது தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் ஜாமா இதழில் வெளியானது. நோயின் அறிகுறிகள் குறைந்தன. நோயாளிக்கு இல்லறத்தில் நிறைவும் கூடியது. சிறிய ஆய்வு, அதில் பங்கேற்ற எல்லோரும் வீரர்கள் அல்லர். ஆனால் அதன் அடிப்படைத் தர்க்கம் கவனிக்கத்தக்கது. இந்நோய் தவிர்ப்பால் வளர்வது. பயந்ததைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வேரூன்றும். அந்தத் தவிர்ப்புக்கு வீட்டில் துணைபோகிறவள், அன்பின் காரணமாகவே, மனைவி. நெம்மாற வல்லங்கி வேலா திருவிழாவில் வெடிக்கட்டு தொடங்குமுன் கதவு ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். கல்பாத்தித் தேரன்று கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்று அவளே சாக்குச் சொல்லிவிடுவாள். பிள்ளைகளை வாய் திறக்காமல் வைப்பதும் அவள்தான். அவளையும் சேர்த்து உட்காரவைக்காமல் இந்தச் சுழலை அறுக்க முடியாது.

தமிழ் பேசும் வீரர்களுக்கு இதன் கூர்மை தெரிந்த போர் ஒன்று உண்டு. 1987 ஜூலையில் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களும் இருந்தன. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. கண்ணிவெடியும் பதுங்கித் தாக்குதலும் நிறைந்த அந்தச் சண்டையில் எதிரே கேட்டதும் தமிழ். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் கிளம்பியபோது இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 1,200 பேர். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்பில் அன்றைய முதல்வர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. யாழ் மருத்துவமனையில் அந்த அக்டோபரில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் அமைதிப்படையினரால் கொல்லப்பட்டதை நினைத்தால், அந்த மறுப்பைக் குறைசொல்வதும் கடினம். பெருமையாகவும் பேச முடியாத, குற்றமாகவும் ஒப்புக்கொள்ள முடியாத போரிலிருந்து திரும்பியவனுக்கு ஊரில் கேட்கும் காது இல்லை. மிஞ்சியது வீடு. அக்கரையில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்திலும் சமூகத்திலும் படிகிறது என்று தொடர்ந்து எழுதினார். தாக்கப்பட்டவர்களிடம் கற்ற அந்த உண்மை, தாக்கியவர்களின் வீடுகளுக்கும் பொருந்தும்.

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, பிரிவு நமக்குப் புதிதல்ல என்பது. மணியார்டரை நம்பி வாழ்ந்த அக்ரஹாரத்துப் பெண்களும் வளைகுடாவுக்குக் கணவரை அனுப்பிய பாலக்காட்டுப் பெண்களும் சமாளிக்கவில்லையா என்பார்கள். சமாளித்தார்கள். ஆனால் அவர்கள் சமாளித்தது இல்லாமையை. பட்டாளத்து மனைவிக்குச் சிக்கல் தொடங்குவது அவன் திரும்பிய பிறகு. போனவனும் வந்தவனும் ஒரே ஆளாக இல்லாதபோது. இரண்டாவது, இந்திய வீரர்களிடம் இந்நோய் குறைவு, கூட்டுக்குடும்பமே மருந்து என்பது. அப்படி இருக்கவும் கூடும். ஆனால் பதவி உயர்வும் போஸ்டிங்கும் மருத்துவத் தகுதியில் தொங்கும் அமைப்பில், நோயைச் சொல்லாமல் இருப்பதுதான் லாபம். சொல்லாத நோய் எண்ணிக்கையில் வராது. குடும்பம் மருந்தென்றால், அந்த மருந்தைத் தருகிறவளுக்கு எப்படித் தருவது என்று சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பதுதானே அதன் நேரான முடிவு?

மூன்றாவது வாதம்தான் கனமானது. அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள் என்று பெண்ணை மறுபடி கட்டிப்போடும் கருவியாகத் தம்பதிச் சிகிச்சை மாறிவிடாதா? மாறக்கூடும். சேர்ந்து வாழவைப்பதையே வெற்றி என்று எண்ணும் சமூகத்தில் இந்த ஆபத்து நிஜமானது. 2012 ஆய்விலும் கடுமையான வன்முறை நிலவிய தம்பதிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே வரிசை தெளிவாக இருக்கவேண்டும்: முதலில் மனைவியைத் தனியே பார்த்து விசாரிப்பது; வன்முறை இருந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடைச் சட்டம் தரும் பாதுகாப்பு; அது உறுதியான பிறகே, அவள் விரும்பினால் மட்டும், சேர்ந்த அமர்வு. அவளை விசாரிக்காமல் விடும் இன்றைய முறை அவளைக் காப்பாற்றுகிறது என்று யாரும் சொல்லமுடியாது. அடி வாங்குகிறாளா என்று கேட்க ஆளில்லாத அமைப்பு அது.

ஆளும் பணமும் எங்கே என்பது கடைசி வாதம். எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டியதில்லை. ராணுவத்தினருக்கும் குடும்பத்தாருக்கும் 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிப் பிரிவு தொடங்கியிருக்கிறது. பாலக்காட்டில் ஜில்லா சைனிக் அலுவலகமும் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கும் இருக்கின்றன. வேலூரிலும் பெங்களூரிலும் குடும்பத்தோடு வேலை செய்யத் தெரிந்த கைகள் இரண்டு மூன்று தலைமுறையாக உருவாகியிருக்கின்றன. வேண்டியவை மூன்று: மனநலக் காரணத்தால் தகுதி குறைக்கப்படும் ஒவ்வொரு வீரரின் மனைவியிடமும் தனியே ஒரு வாக்குமூலம் கேட்கும் படிவம், ஓய்வுபெறும் முன் தம்பதி இருவரும் சேர்ந்து ஒரு மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு, இருவர் பெயரிலும் ஒரே சிகிச்சைச் சீட்டு எழுத பாலிகிளினிக்குக்கு அனுமதி. விதவையாகப்போகும் நாளுக்காக மனைவியின் முகத்தைக் கோப்பில் ஒட்டிவைக்கும் அரசு, அவள் கணவன் உயிரோடிருக்கும் நாட்களிலும் அவளிடம் பேசக் கடமைப்பட்டிருக்கிறது.