பெயர் முந்திய பிஸ்கட்

முதலில் பிறந்தது பெயர்தான். பண்டம் பின்னால் வந்து அதில் குடியேறியது. ஓட்ஸ், கோதுமை மா, சீனி, தேங்காய்ப் பூ, பட்டர், ஒரு கரண்டி பாணி, கொஞ்சம் அப்பச்சோடா, முட்டை கிடையாது. உலகம் இதை அன்சாக் பிஸ்கட் என்கிறது. அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்த பெயரின் முதலெழுத்துகளே அன்சாக்.

அந்தப் பெயர் உண்டாகும் முன்பே அந்தப் படையைக் கொழும்பு பார்த்துவிட்டது. முதலாம் உலகப் போருக்காக 1914 நவம்பர் 1ஆம் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனியிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் அந்த மாத நடுவில் கொழும்புக்கு வந்தன. காவலுக்கு வந்த ‘சிட்னி’ போர்க்கப்பல் வழியிலேயே பிரிந்துபோய், 9ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே ஜெர்மன் கப்பல் எம்டனை அடித்து முடித்தது. ஏழு வாரத்துக்கு முன்னர் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே எம்டன்தான். இலங்கையின் தோட்டத் துரைமார் ரைபிள் படையும் எகிப்துக்குப் போய், துருக்கியின் கலிப்பொலியில் அன்சாக் தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றது.

1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியில் இறங்கியவர்களின் பையிலும் பிஸ்கட் இருந்தது. ஆனால் அது வேறு சாதி. பாண் கிடைக்காத இடத்தில் பாணுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட, கல்லாகச் சுட்ட தட்டை அது. பல்லுக்குப் பயந்தவர்கள் அதை இடித்துத் தண்ணீர் விட்டுக் கஞ்சியாக்கினார்கள். சிலர் அதன் மேலேயே கடிதம் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கான்பராவின் போர் நினைவகத்தில் அப்படிப்பட்ட பிஸ்கட்டுகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். நூறு வருடம் தாண்டியும் உளுத்துப் போகாத பண்டத்தைத் தின்னக் கொடுத்தார்கள் என்றால், அதைத் தின்றவர்கள் பாவம்தான்.

தாய்மாரும் மனைவிமாரும் ஓட்ஸ் பிஸ்கட் சுட்டுப் போர்முனைக்கு அனுப்பினார்கள், முட்டை இல்லாததால் கப்பலில் கெடாமல் போய்ச் சேர்ந்தது என்றொரு கதை உண்டு. கேட்க நல்ல கதை. சமையல் புத்தகங்களைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது. 1917இல் சிட்னியில் வந்த ‘வார் செஸ்ட்’ சமையல் புத்தகத்தில் அன்சாக் பிஸ்கட் என்ற குறிப்பு இருக்கிறது. அது முற்றிலும் வேறு பிஸ்கட். இன்றைய பிஸ்கட்டின் மூத்த வடிவமும் அதே புத்தகத்தில் இருக்கிறது, வெறும் ஓட்ஸ் பிஸ்கட் என்ற பெயரில். நியூசிலாந்தின் டனிடினில் வெளிவந்த ‘சென்ட் அன்ட்ரூஸ்’ சமையல் புத்தகத்தின் 1921ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ‘அன்சாக் கிறிஸ்பீஸ்’ என்று பெயரும் பண்டமும் ஒன்று சேர்ந்தன. டனிடின் ஸ்கொட்லாந்துக்காரர் குடியேறிய ஊர். ஓட்ஸ் அவர்களுக்குச் சோறு. என்னைக் கேட்டால், இந்தப் பிஸ்கட்டின் தாய்வீடு அவர்களுடைய அடுப்படிதான். கலிப்பொலி அதற்குப் பெயர் மட்டும் கொடுத்தது.

முதற்காலக் குறிப்புகளில் தேங்காய் இல்லை. அது பிறகு வந்து சேர்ந்தது. அந்த நாளில் உலகச் சந்தைக்குப் போன உலர்த்திய தேங்காய்ப் பூவில் இலங்கைக்குப் பெரும் பங்கு. 1880களிலேயே இங்கு தொடங்கிய தொழில் அது. அதற்கான தேங்காயைக் கொடுப்பது குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணம். தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் லுணுவிலவும் புத்தளம் மாவட்டத்தில்தான்.

புத்தளம் நகரை ஒட்டிய தில்லையடியும் அந்த முக்கோணத்துக்குள் வருகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து தங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. நிவாரணத்தில் கிடைத்த மாவிலும் சீனியிலும் வருடக்கணக்காகக் குடும்பம் நடத்திய அடுப்படிகள் இங்கே இருக்கின்றன. மாவும் சீனியும் தேங்காயும் இருக்கிற வீட்டில் இந்தப் பிஸ்கட்டுக்காக முக்கியமாக வாங்க வேண்டியது ஓட்ஸும் பட்டரும்தான். ஆனால் நியூசிலாந்தின் இன்றைய குறிப்பை அப்படியே இங்கே செய்தால் பதம் பிசகும்.

முதல் பிசகு தேங்காயில். ஆலைப் பூவில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அப்போது திருவிய பூவில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அதை அப்படியே போட்டால் பிஸ்கட் வேகாது, அவியும். தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்து, கிளறும்போது சரசரவென்று சத்தம் கேட்டதும், நிறம் மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது பாணி. அங்கே ஊற்றுவது கோல்டன் சிரப். அதில் குளுக்கோசும் பிரக்டோசும் இருப்பதால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சீனி மணியாக உறைய விடாது. பிஸ்கட்டின் நடுப்பகுதி இழுபடுவது அதனால்தான். நமது தென்னம்பாணியும் கித்துள் பாணியும் அதைவிட நீர்த்தவை, அவற்றின் இனிப்பில் குளுக்கோசையும் பிரக்டோசையும் விடச் சாதாரண சீனியே அதிகம். கொஞ்சம் வற்றக் காய்ச்சி ஊற்றினாலும் பிஸ்கட் மொறுமொறுப்பின் பக்கமே சாயும். வாசமோ பல மடங்கு மேல்.

பட்டரையும் பாணியையும் ஒன்றாக உருக்கி, கொதிநீரில் கரைத்த அப்பச்சோடாவை அதில் விட்டதும் புசுபுசுவென்று நுரைத்து எழும். நுரைக்காவிட்டால் சோடா பழையது. நுரை அடங்குமுன் மாக்கலவையில் ஊற்றிக் கிளற வேண்டும். பிஸ்கட்டுக்கு அந்தப் பொன்பழுப்பு நிறம் வருவதிலும் சோடாவின் காரத்துக்குப் பங்குண்டு. ஓட்ஸில் தட்டையான, முழு அவலே நல்லது. கஞ்சிக்கென்று பொடியாக வெட்டிய ரகம் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். பிஸ்கட் பரவாது, மேடாக நின்று கேக் போலாகும்.

உருண்டைகளை இரண்டு அங்குல இடைவெளியில் வையுங்கள், நன்றாகப் பரவும். 160 பாகை சூட்டில் பன்னிரண்டு நிமிடம் என்றால் ஓரம் சிவந்து நடு மெதுவாக இருக்கும். பதினாறு, பதினேழுக்குப் போனால் முழுதும் மொறுமொறுக்கும். ஓவனிலிருந்து எடுக்கும்போது எல்லாமே தொய்வாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளுகிறவர்களே அதிகம், அங்கேதான் பிஸ்கட் கருகும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் உருகிய சீனி இறுகித் தானாகக் கட்டிப்படும்.

புத்தளத்தின் களப்புக் காற்றில் மாலைக்குள் நமுத்துப் போகும், ஆகவே முற்றாக ஆறியதும் டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளேயே வியர்க்கும். நமுத்ததை ஐந்து நிமிடம் திரும்பச் சூடாக்கினால் மொறுமொறுப்பு வந்துவிடும்.

அவுஸ்திரேலியாவில் அன்சாக் என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பழைய செய்முறையை விட்டு அதிகம் விலகாமல் இருந்தால்தான் இந்தப் பெயரில் பிஸ்கட் விற்க விடுவார்கள். ‘குக்கி’ என்று எழுதவும் கூடாது. கித்துள் பாணி ஊற்றிச் சுட்டதை அங்கே கொண்டுபோய் விற்க நினைப்பவர்கள் வேறு பெயர் தேடிக்கொள்வது நல்லது.