உதிரிப் பழமும் ஐரோப்பிய வரம்பும்

ஐந்தாம் படிவத் தமிழ் வகுப்பில் செம்பனைத் தொழில் பற்றிக் கட்டுரை எழுத வைத்தேன். ஒரு மாணவன் எழுந்து, "சார், நம்ம எண்ணெய்ல நச்சு இருக்குன்னு ஐரோப்பாக்காரங்க சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டான். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இதன் வரலாற்றைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

1997இல் சுவீடனின் ஹாலண்ட்சோஸ் மலையில் ரயில் சுரங்கம் வெட்டினார்கள. நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் ஓடைநீரில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது! எங்கிருந்து வந்தது என்று தேடியதில் விடை சாப்பாட்டில் கிடைத்தது. மாவுச்சத்துள்ள உணவை அதிகச் சூட்டில் பொரித்தாலோ சுட்டாலோ இது தானாகவே உண்டாகிறது என்று 2002 ஏப்ரலில் அறிவித்தார்கள். அவித்த கிழங்கில் அநேகமாக இருக்காது. (தீபாவளி முறுக்கை விடச் சொல்லவில்லை, கருக விடாதீங்க, அவ்வளவுதான்.)

சூட்டில் பிறக்கும் பொருள்களைக் கண்காணிக்கும் பழக்கம் இதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 3-எம்சிபிடி என்ற இன்னொரு பொருளை 1978லேயே பிராக் நகர ஆய்வாளர்கள் சுவையூட்டிகளில் கண்டிருந்தார்கள். அதன் எஸ்டர் வடிவம் சுத்திகரித்த எண்ணெய்களில் இருப்பது 2000களின் நடுவில் தெரிந்தது. குழந்தைகளுக்கான பால்மாவிலும் அந்த எண்ணெய் சேர்வதால் 2007இல் ஜெர்மனி எச்சரித்தது. 2016இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 3-எம்சிபிடியும் கிளைசிடில் எஸ்டரும் செம்பனை எண்ணெயில்தான் மிக அதிகம் என்றது. 2018இல் கிளைசிடில் எஸ்டருக்குக் கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்றும், 2021இல் செம்பனை எண்ணெயின் 3-எம்சிபிடிக்கு 2500 என்றும் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்தது.

ஏன் செம்பனை மட்டும் மாட்டியது? பழத்தில் அடிபட்ட உடனே ஒரு நொதி வேலையைத் தொடங்கி எண்ணெயை உடைக்கிறது. குலை ஆலைக்குப் போய் நீராவியில் வேகும்வரை அது நிற்காது. உடைந்த எண்ணெயில் புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பையும் வாடையையும் நீக்க, சுத்திகரிப்பு ஆலையில் 240, 260 பாகை வரைகூடச் சூடேற்றுகிறார்கள். நம் வீட்டுச் சட்டியில் புகை பார்த்தாலே பயப்படுகிறோம். சட்டிக்கு வருமுன்பே எண்ணெய் அதைவிடப் பெரிய சூட்டைப் பார்த்துவிடுகிறது! உடைந்த துண்டுகளில் ஒருவகை அந்தச் சூட்டில் கிளைசிடில் எஸ்டராகிறது. 3-எம்சிபிடிக்குக் குளோரின் வேண்டும். மண்ணிலிருந்தும் மரத்துக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரத்திலிருந்தும் அது பழத்துக்குள் வருகிறது.

ஆக, கதை சோதனைக்கூடத்தில் தொடங்கவில்லை, தோட்டத்தில் தொடங்குகிறது. ரப்பர் விலை சரிந்த காலத்தில் கூலிம், குவாலா மூடா பக்கம் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். வாளியில் உரம் சுமந்து வீசியவர்களும், குலை வெட்டியவர்களும், கீழே சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்கியவர்களும் நம்மவர்கள்தான். என் அம்மாவும் பொறுக்கினார். மழை பெய்து லாரி வராத நாளில் மூட்டைகள் ரோட்டோரமே கிடக்கும். "கெடந்தா கெடக்கட்டும், எண்ணெய்தானே"ன்னு மண்டோர் சொல்வாராம். மூட்டைக்குத்தான் கூலி. பழம் அடிபட்டதா, எத்தனை நாள் கிடந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது.

2019இல் கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர அமைப்பு இந்த இரண்டு பொருள்களையும் குறைக்க ஒரு நடைமுறைக் கையேடு வெளியிட்டது. சரியான பழுப்பில் வெட்டு, அடிபடாமல் கையாளு, சீக்கிரம் ஆலைக்கு அனுப்பு, குளோரின் உள்ள உரத்தைக் குறை என்று அது தோட்ட வேலையையும் பேசுகிறது. சுத்திகரிப்புக்கு முன் எண்ணெயைத் தண்ணீரால் கழுவினால் குளோரின் குறையும் என்றும் இப்போது தெரியும்.

அடுத்த வாரம் அந்த மாணவனிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் இன்னும் பதில் தேடுகிறேன்: "அப்போ சார், நல்லாப் பொறுக்குனவங்களுக்குக் கூலி கூடுச்சா?"